முதுகில் விழுந்த விமானம்

ஏழு பேர் ஏழு கடதாசியில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏழிலும் ஒரே வசனம்: "சிவதர்சினி கையை அசைக்காமல் நின்றார், விமானம் வந்து தலைவர் மேல் விழுந்தது."

"ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு பேனைதான் இருந்திருக்கு அக்கா," என்றேன்.

நாகேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபது வருடம் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் இருந்து, எரிந்த கடைகளையும் கவிழ்ந்த உழவு இயந்திரங்களையும் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது கிளிநொச்சியில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் தனியார் விசாரணை நடத்துகிறார். நான் பிரசாந்தன். அவருடைய ஓட்டோச் சாரதி, கோவைகளைத் தூக்குகிறவன், கேட்காத நேரத்திலும் பகிடி விடுகிறவன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குள் பல வருடங்களாக எதுவும் பெரிதாக அசைவதில்லை. செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் ஒரே முகத்தோடு சாப்பிட்டுவிட்டு வருகிறேன். பகிடி மட்டும் தானாக வருகிறது. அக்காவுக்கு அதுவும் வருவதில்லை, அதனால் நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காமல் வேலை செய்கிறோம்.

விசயம் இதுதான். அக்கராயனில் ரிமோட்டில் பறக்கும் சிறிய விமானங்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. நோர்வேயில் இருக்கும் யாரோ ஒருவர் நான்கு விமானங்களை அனுப்பிவைக்க, மூன்று வருடத்துக்கு முன் தொடங்கியது. இரண்டு சனிக்கிழமைக்கு முன், சிவதர்சினி என்ற இருபத்தாறு வயதுப் பெண் அங்கே விமானம் பறக்கவிடப் பழகிக்கொண்டிருந்தபோது, ஒன்றரைக் கிலோ விமானம் கழகத் தலைவர் வீரபாகுவின் மேல் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்தது. அவள் தானே ஒரு கடிதம் எழுதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். இன்று நாலு மணிக் கூட்டத்தில் கழகம் அந்தக் கடிதத்தை ஏற்றால், அவளுடைய பாதுகாப்புச் சான்றிதழ் போய்விடும். சான்றிதழ் போனால், வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்ட விவசாயிகள் அமைப்பு திங்கட்கிழமை கொடுக்கவிருந்த வேலையும் போய்விடும்.

எங்களை அமர்த்தியது அந்த அமைப்பின் செயலாளர். "பெரிய அறிக்கை ஒண்டும் வேண்டாம்," என்று தொலைபேசியில் சொன்னார். "அந்தப் பிள்ளையை நம்பி ட்ரோனைக் குடுக்கலாமோ, குடுக்கேலாதோ? நாலு மணிக்குள்ள ஒரு சொல் சொன்னாக் காணும்."

காலை ஒன்பது மணிக்கு அவளுடைய வீட்டில் நின்றோம். சிவதர்சினி மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. கண்ணாடியில் தினமும் நான் பார்க்கும் முகம்தான்.

"விமானம் விழேக்க உம்மட விரல் என்ன செய்தது பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை. அப்பிடியே வைச்சிருந்தனான்."

"பயந்திட்டீரோ?"

"இல்லை."

"பிறகு?"

"ஒண்டும் வரேல்லை அக்கா. நான் விமானத்தைப் பாக்கவே இல்லை. அதாலதான் விழுந்தது."

"எதைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்?"

அவள் திரும்பி மிளகாய்க் கன்றைப் பார்த்தாள்.

"மோட்டார்ச் சத்தம் கேட்டதோ?"

"முதல் கேட்டது. பிறகு டக்கெண்டு நிண்டிட்டுது."

அக்கா எழுந்தார். "ஓட்டோவை எடு தம்பி."

"அக்கா, பிள்ளை தானே குற்றத்தை ஒத்துக்கொள்ளுது. நாங்கள் என்னத்தைத் துப்பறியிறது?" என்று பாதி வழியில் கேட்டேன்.

"ஒத்துக்கொள்ளுற ஆள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லேல்லை. அதைத்தான்."

*

ஆசுபத்திரியில் தலைவர் வீரபாகு குப்புறப் படுத்துக் கிடந்தபடியே எங்களை வரவேற்றார். ஐம்பது வயது, இரண்டு உழவு இயந்திரங்களின் சொந்தக்காரர், கட்டிலில் கிடந்தாலும் குரலில் தலைமைப் பதவி குறையவில்லை.

"நேர என்னைப் பாத்து வந்தது. நானும் பாத்துக்கொண்டு நிண்டனான். விலக நேரமில்லை," என்றார்.

"விமானத்தின்ர விசிறி வெட்டேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. கடவுள் காத்தது. விமானம் அப்பிடியே வந்து தட்டையா விழுந்தது."

அக்கா குனிந்து பார்த்தார். முதுகின் குறுக்கே, வலது தோளுக்குக் கீழே, அகலமாகக் கன்றிப்போன ஒரு கறுத்த அடையாளம். வெட்டுக்காயம் ஒன்றும் கிடையாது. விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி விரலையே துண்டாக்கும் என்று அந்தக் கழகத்தின் அறிவித்தல் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

"கெதியாச் சுகமாகும்," என்று அக்கா சொல்ல, நாங்கள் வெளியே வந்தோம்.

"நேர முகத்துக்கு வந்த விமானம் முதுகில விழுந்திருக்கு அக்கா. ஆளைச் சுத்திக்கொண்டு போய்ப் பின்கதவால வந்ததோ?"

"பின்கதவால வரேல்லை. மேலால வந்திருக்கு," என்றார் அக்கா. "மோட்டாரும் நிண்டபிறகுதான் வந்திருக்கு."

*

அக்கராயன் சந்தியில் யோகலிங்கத்தின் கைபேசி திருத்தும் கடை. கழகத்தில் விமானம் பறக்கவிடக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். நாற்பத்தாறு வயது, வகிடு பிசகாமல் சீவிய தலை. கடைச் சுவரில் கழகத்தின் பன்னிரண்டு விதிகளையும் அச்சடித்து ஒட்டியிருந்தார். ஆட்களுக்கு மேலால் பறக்கவிடாதே. கயிற்றுக் கோட்டைத் தாண்டாதே. பறக்கமுன் இறக்கையின் மடல்களை அசைத்துப் பார். மனிதர் வீட்டிலும் விதி போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார் என்று நினைத்தேன். சொல்லவும் வாயெடுத்தேன், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"பழகிற ஆளின்ர கையில தனிய விமானத்தைக் குடுக்கிறதில்லை," என்று யோகலிங்கம் விளக்கினார். "ரெண்டு ரிமோட். நடுவில ஒரு வயர். நான் என்ர ரிமோட்டில இருக்கிற பொத்தானை அமத்திப் பிடிச்சிருக்கும் வரைக்கும் விமானம் அவாவின்ர கையில. நான் விரலை எடுத்தா, என்ர கைக்கு வந்திடும். வயர் கழண்டாலும் எனக்குத்தான் வரும்."

"அண்டைக்கு விரலை எடுத்தனீங்களோ?"

"எடுக்கேல்லை. எடுக்க முந்தி விழுந்திட்டுது."

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"அவாவுக்குப் பக்கத்தில. ஒரு அடி தள்ளி. நிண்டபடிதான்."

நிண்டபடிதான் என்பதை யாரும் கேட்கவில்லை. அக்கா சுவரைக் காட்டினார்.

"இந்த ஒன்பதாம் விதி என்னது? உண்மையான விமானம் வந்தா, கற்பிக்கிற ஆள் உடனே கட்டுப்பாட்டை எடுத்து இறக்க வேணும் எண்டு கிடக்கு. எப்பவாவது தேவைப்பட்டதோ?"

யோகலிங்கம் மேசையில் கிடந்த சிறிய திருப்புளியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "இல்லை. இஞ்சால ஆர் வாறது?"

"ரிமோட் ரெண்டையும் பாக்கலாமோ?"

"ஓம். பன்ரெண்டாம் விதி. விபத்து நடந்தா ஒண்டையும் தொடாமல் அப்பிடியே பையில போட்டுக் கட்டோணும்." உள்ளே போய், வாய் கட்டிய இரண்டு பொலித்தீன் பைகளைக் கொண்டுவந்தார்.

"ஆர் கட்டினது?"

"நான்தான்."

அக்கா பைகளை அவிழ்க்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடது குச்சிதான் மோட்டாரின் வேகத்துக்கு. விட்ட இடத்தில் நிற்கும், தானாக இறங்காது. சிவதர்சினியின் ரிமோட்டில் அது பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. யோகலிங்கத்தின் ரிமோட்டில் ஒரேயடியாகக் கீழே நின்றது. அந்தக் குச்சி ஓடும் இடுக்கில் மணல். சிவதர்சினியின் ரிமோட்டில் வயர் குத்தும் இடம் வளைந்து போயிருந்தது, பக்கவாட்டில் அல்ல, கீழ்நோக்கி.

"நான் தலைவரைத் தூக்க ஓடேக்க கீழ விழுந்திட்டுது," என்றார் யோகலிங்கம், கேட்காமலே.

"பைகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாங்கோ," என்றார் அக்கா.

ஓட்டோவில் ஏறியதும் என் தீர்ப்பை வழங்கினேன். "இந்த ஆள்தான் அக்கா! பொத்தானில இருந்து விரலை எடுத்து விமானத்தை விழுத்தியிருக்கிறார். தலைவர் பதவியில ஆசை. இல்லாட்டி அந்தப் பிள்ளையில ஏதோ எரிச்சல்."

"விதியை மீறுற ஆள் சாட்சியைத் தன்ர கையால பையில கட்டி வைக்குமோ?"

"அப்ப ஏன் பொய் சொல்லுறார்?"

"கள்ளன் மட்டும்தான் பொய் சொல்லுறானோ? தரவைக்கு விடு."

*

தரவை என்பது குளத்துக்குப் பின்னால், மாடு மேயும் புல்வெளி. கழகத்தார் அங்கேதான் கயிறு கட்டிக் கோடு போட்டு விமானம் விடுகிறார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் ஆளில்லை. புல்லுக்கு நடுவே நெருஞ்சி. என் சாரத்தின் கரையில் பத்து முள்ளாவது ஏறியிருக்கும்.

பக்கத்துக் கடலைத் தோட்டத்தில் ஒரு அம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பெயர் ராக்காயி. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கைக்குழந்தையாக இங்கே வந்தவராம். அவராகவே சொன்னார்.

"அந்தச் சனிக்கிழமை சின்ன விமானம் விழுந்ததைக் கண்டனீங்களோ அம்மா?" என்றேன்.

"சின்னதைக் காணலிங்க. பெருசு ஒண்ணு வந்துச்சு. ஹெலிகாப்டரு. பனை ஒசரத்துல, தலைக்கு மேலயே வந்துச்சு. எம் மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சுங்க."

அக்கா நிமிர்ந்தார். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் படுத்துட்டேன்." அந்த அம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எதுக்குப் படுத்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. ஒடம்பு தானாப் படுத்துருச்சு. எந்திரிச்சு மண்ணைத் தட்டினப்பறம் எனக்கே சிரிப்பா வந்துச்சு. ரெண்டு கடலைச் செடி நசுங்கினதுதான் மிச்சம்."

"அங்க நிண்ட ஆக்களைப் பாத்தனீங்களோ?"

"மூஞ்சி மண்ணுல இருந்துச்சு. யாரைப் பாக்குறது?"

நாங்கள் ஓட்டோவுக்கு நடந்தோம். நெருஞ்சி குத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை. பரந்தன் சந்தையில் ஒருமுறை மேலே சத்தம் கேட்டு, மரக்கறிக் கடை மேசைக்குக் கீழே நான் போய்க் கிடந்ததை யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

"ஏழு கடதாசி அக்கா. ஒண்டில கூட ஹெலி இல்லை."

"ஓம்."

"ஏழு பேருக்கும் ஒரு ஹெலி தெரியாமல் போச்சோ?"

"மாடு கண்டிருக்கு," என்றார் அக்கா.

*

நாலு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். அன்று தரவையில் நின்றவர்களில் தலைவர் ஆசுபத்திரியில் கிடந்ததால், அவருடைய குரலை மட்டும் தொலைபேசியில் மேசைக்கு மேலே வைத்திருந்தார்கள். மற்ற ஆறு பேரும் வந்திருந்தார்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சிவதர்சினி கடைசிக் கதிரையில், மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய கடிதம் யோகலிங்கத்துக்கு முன்னால் கிடந்தது.

"கடிதத்தை ஏற்க முந்தி எனக்கு ரெண்டு நிமிசம் தாங்கோ," என்றார் அக்கா. எழுந்து நிற்கக்கூட இல்லை.

"சிவதர்சினி கையை அசைக்கேல்லை எண்டு எல்லாரும் எழுதியிருக்கிறியள். அவாவும் அதைத்தான் எழுதியிருக்கிறா. சரி. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கு, விமானம் நேர பறந்துகொண்டிருக்கு. கையை அசைக்காத ஆளிட்ட அது இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்? பேசாமல் நேர பறந்து காட்டுப் பக்கம் போயிருக்கும். விழாது. மோட்டாரும் நிக்காது. அவாவின்ர குச்சி இப்பவும் பாதிக்கு மேலதான் நிக்குது, பையைப் பாருங்கோ."

ஒருவரும் பையைப் பார்க்கவில்லை. யோகலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"மோட்டாரை நிப்பாட்டினது மற்ற ரிமோட்டின்ர குச்சி. பொத்தானில இருந்து விரல் எடுபட்டிருக்கு. அதில மண் கிடக்கு. வயர் கீழ இழுபட்டிருக்கு. தலைவருக்கு முதுகில அடி." அக்கா பெருமூச்சு விட்டார். "நான் ஒருத்தரையும் குற்றம் சொல்ல வரேல்லை. ஒரு கேள்விதான். அண்டைக்கு ஹெலி வரேக்க ஆர் ஆர் நிண்டனீங்கள்?"

யோகலிங்கம் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. வகிடு கலையத் தலையைத் தடவினார்.

"நான் படுத்திட்டன்," என்றார். "ரிமோட்டோட குப்புறப் படுத்திட்டன். ஒன்பதாம் விதியை எழுதினது நான். சத்தம் கேட்டதும் ஒரு விதியும் ஞாபகம் வரேல்லை. எழும்பேக்க விமானம் விழுந்து கிடந்தது. ஆக்களைப் பாக்க வெக்கமாக் கிடந்தது. நான் மட்டும்தான் படுத்தது எண்டு நினைச்சன்."

முன்வரிசையில் இருந்த ஒருவர், "நானும்தான் படுத்தனான்," என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமோ? நான் என்னை மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்." ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு பேரும் சொல்லி முடித்தார்கள். கடைசியில் மேசையில் கிடந்த தொலைபேசி பேசியது. "நான் தலைவர் எண்டபடியால்தான் சொல்லேல்லை," என்றார் வீரபாகு. "நான் எழும்ப முந்தி, கிடந்த இடத்திலதான் விழுந்தது."

ஒரே புல்லில், ஒரே நேரத்தில், முகம் மண்ணில் புதைய ஏழு பேர் கிடந்திருக்கிறார்கள். ஒருவர் கிடந்ததை மற்றவர் காணவில்லை. எழுந்து நெருஞ்சியைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது, நின்றுகொண்டிருந்தது சிவதர்சினி ஒருத்திதான். அதனால் எல்லாக் கண்ணும் அவளில் விழுந்தது. யாரும் அழவில்லை. ஒருவர் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் விட்டுவிட்டார். எனக்கும் ஒன்றும் வரவில்லை, பகிடிகூட.

யோகலிங்கம் கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை. உம்மட சான்றிதழுக்கு நான் பொறுப்பு."

நான் அக்காவின் தொலைபேசியை எடுத்து நீட்டினேன். செயலாளர் காத்துக்கொண்டிருப்பார். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, வழக்கு முடிஞ்சுது. சொல்லிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

"பாதிதான் முடிஞ்சது. பிழை பிள்ளையின்ர இல்லை எண்டு இப்ப தெரியும். வேலை குடுக்கலாமோ எண்டு எனக்கு இன்னும் தெரியாது." அக்கா சிவதர்சினிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டார். "கையில விமானம் இருக்கேக்க விமானத்தைப் பாக்காத ஆளிட்ட மருந்தடிக்கிற ட்ரோனைக் குடுக்கச் சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது? காலமை ஒரு கேள்வி கேட்டனான் பிள்ளை. எதைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்?"

சிவதர்சினி அந்த ஏழு பேர் பக்கம் ஒருமுறை பார்த்தாள். தொலைபேசியையும் சேர்த்துத்தான்.

"இவையளை," என்றாள்.

"படுத்ததைக் கண்டனீரோ?"

"ஓம். எல்லாரையும். வெக்கப்படுவினம் எண்டு சொல்லேல்லை."

"கண்டு?"

"எண்ணிக்கொண்டு நிண்டனான்." குரல் காலையில் மிளகாய்க் கன்றுக்கு முன்னால் பேசிய அதே குரல்தான். "கடைசிச் சண்டையில எனக்கு ஒன்பது வயது. அண்டைக்கும் எல்லாரும் படுத்தவை. நான் மட்டும் நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் எழும்பேல்லை. எங்கட வீட்டு ஆக்கள் நாலு பேர். இந்தமுறை ஏழு பேரும் எழும்பிட்டினம். தலைவரும் முனகிக்கொண்டு கடைசியா எழும்பினார். விமானம் விழுந்ததுக்கு நான்தான் எண்டு எழுதினாப் பரவாயில்லை எண்டு நினைச்சன். ஏழு பேரும் எழும்பினதே எனக்குப் போதும்."

யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அவள் கையிலிருந்த அந்தக் கடிதம் சரசரக்கத் தொடங்கியது. மண்டபத்தில் காற்று இல்லை. சிவதர்சினியின் விரல்கள்தான் நடுங்கின. அவள் அவற்றை மடியில் அமத்திப் பிடித்தாள், மற்றக் கையும் சேர்ந்து நடுங்கியது. தன்னுடைய கைகள்தானா என்று பார்ப்பவள்போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள். "இப்ப எனக்குப் பயமாக் கிடக்கு."

நாகேஸ்வரி அக்கா தன் கையை நீட்டி அந்த இரண்டு கைகளையும் பிடித்தார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. நடுக்கம் நிற்கும் என்று காத்திருந்தார், நிற்கவில்லை. "பயம் வந்திட்டுதெண்டா இனிக் கையில இருக்கிறதைப் பாப்பீர் பிள்ளை," என்றார். மற்றக் கையால் தொலைபேசியை எடுத்துச் செயலாளரின் இலக்கத்தை அழுத்தினார்.

"ஓம், நாகேஸ்வரிதான் கதைக்கிறன்," என்றார். "குடுங்கோ."